ஊசியக்கா வரிசையை அளந்த கதை

அந்த ஆஸ்பத்திரியின் ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கிறவர்கள் மூன்று பேர். நடு நாற்காலிக்காரிக்குப் பதினாறு வருஷ அனுபவம். நரம்பே தென்படாத கையிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவாள் என்று பெயர் வாங்கியிருந்தாள். அதனால் வருகிறவர்கள் எல்லோரும், அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட, அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பத்தொன்பது வயதில் ஊசியக்கா வணிக மேலாண்மையில் பட்டம் படிக்கக் கிளம்பியது யாரும் யோசித்துச் செய்த காரியமில்லை.

நாத்தனார் மகளுக்கு விண்ணப்பப் படிவம் வாங்கி வரத்தான் அவள் அந்த மாலைக் கல்லூரிக்குப் போனாள். படிவத்தோடு பாடத்திட்டப் புத்தகம் ஒன்றும் கொடுத்தார்கள். பஸ்ஸில் பொழுதுபோகாமல் அதைப் புரட்டினாள். ஒரு இடத்தில் வேலை ஏன் தேங்குகிறது, ஆட்கள் ஏன் ஒருவர்மேல் ஒருவர் பழி போடுகிறார்கள், சரக்கு ஏன் வேண்டாத இடத்தில் குவிந்து வேண்டிய இடத்தில் இல்லாமல் போகிறது என்றெல்லாம் பாடத் தலைப்புகள் இருந்தன. அட, இதையெல்லாம் படிக்கக்கூட முடியுமா என்று நினைத்துக்கொண்டே இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டாள். மறுநாள் போய் இன்னொரு படிவம் வாங்கினாள். நாத்தனார் மகள் கடைசியில் ஓவியம் படிக்கப் போய்விட்டாள். ஊசியக்கா மேலாண்மையில் சேர்ந்தாள்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். விஷயத்தைக் கேட்டதும் வாயில் இருந்த டீயை விழுங்க மறந்து உட்கார்ந்திருந்தார். பிறகு, நான் தினமும் மேலே போய்ப் போய்க் கீழே வருகிறேன், நீயாவது மேலே போய் அங்கேயே இரு என்று சொல்லிவிட்டு, சாயங்காலச் சமையலைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அவர் வைக்கும் குழம்பில் உப்பு ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது. பதினாலு வயது மகள் அதையும் சகித்துக்கொண்டாள்.

வகுப்பில் நாற்பது பேர். எல்லோரும் அவளுடைய வயதில் பாதி. முதல் வருஷம் பொருளாதாரமும் புள்ளியியலும் அவளைப் போட்டு வாட்டி எடுத்தன. இரண்டாம் வருஷம், ஒரு இடத்தில் வேலை எப்படி ஓடுகிறது என்று பார்க்கிற ஆபரேஷன்ஸ் பாடம் வந்ததும் ஆள் மாறிவிட்டாள். அந்தப் பாடம் நடத்தியவர் பாட்டில் மூடி செய்கிற தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் மேலாளராக இருந்துவிட்டு வந்தவர். பையன்கள் அவருக்கு மூடி சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும். வருகைப் பதிவு எடுக்கும்போது யாராவது பேசினால், மூடி இங்கே இருக்கிறது, வாய் எங்கே என்று காட்டு என்பார்.

ஒரு திங்கட்கிழமை காலை. ஆய்வகத்துக்கு வெளியே நடைகூடம் நிரம்பி வழிந்தது. ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வெறும் வயிற்றோடு வந்தவர்கள். முப்பத்திரண்டு நாற்காலி, மீதிப்பேர் சுவரோரம் நின்றார்கள். எட்டே முக்கால் மணிக்கு, வரிசையில் நின்ற ஒரு லாரி டிரைவர், மலை மாதிரி ஆள், சத்தமில்லாமல் மடங்கித் தரையில் சரிந்தார். ஊசியக்காதான் ஓடிப்போய் அவர் காலைத் தூக்கிப் பிடித்தாள். கண் திறந்ததும் அவர் கேட்டது, என் இடம் போய்விட்டதா என்று. அவர் ஏழு மணிக்கு வந்தவர். ஒன்றே முக்கால் மணி நேரமாக நின்றிருக்கிறார்.

நாலாவதாக ஒரு ஆள் வேண்டும் என்று ரத்தம் எடுக்கும் மூன்று பேரும் இரண்டு வருஷமாக மனுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லா மனுவிலும் முதல் கையெழுத்து ஊசியக்காவுடையது. அன்று அவள் இன்னொரு மனு எழுதுகிற ஆத்திரத்தோடுதான் கல்லூரிக்குப் போனாள்.

மூடி சார் அன்றைக்குத்தான் பருவத் திட்டப்பணியை அறிவித்தார். மூன்று பேர் சேர்ந்து, மக்கள் காத்திருக்கிற ஒரு இடத்தைப் பிடியுங்கள். அளந்து பாருங்கள். காத்திருப்புக்குக் காரணம் என்ன என்று கண்டுபிடியுங்கள். முடிந்தால் ஒரு மாற்றத்தைச் செய்து பாருங்கள். ஆறு வாரம். அவ்வளவுதான் அவர் சொன்னது. கரும்பலகையில் ஒரு பாட்டில் படம் வரைந்தார்.

"பாட்டில் எவ்வளவு பெருசா வேணா இருக்கட்டும். தண்ணி கழுத்து வழியாத்தான் வரும். கழுத்து எதுன்னு தெரியாம பாட்டில பெருசாக்கினா, செலவு உங்களுது, தாகம் அவங்களுது."

ஊசியக்காவுக்கு முதுகில் யாரோ தட்டிய மாதிரி இருந்தது. மணி அடித்ததும் யாரைச் சேர்ப்பது என்று தேடவில்லை. பக்கத்தில் இருந்த இரண்டு பேரின் கையைப் பிடித்துவிட்டாள். ஒருத்தி செருப்புக் கடையில் மத்தியான வேலை பார்க்கிற பெண். உருவம் சின்னது, பேச்சு வேகம், அதனால் சிட்டு. இன்னொருவன் ஒல்லியாக உயரமாக இருப்பான், மாமாவின் அச்சகத்தில் மத்தியானத்துக்கு மேல் வேலை. அவனுக்கு ஒட்டடை என்று பெயர். இரண்டு பேருக்கும் காலை நேரம் சும்மாதான். ஆய்வகத்தின் தலைமை டாக்டரம்மாவிடம் அனுமதி கேட்டபோது, அந்த அம்மா கண்ணாடிக்கு மேல் பார்த்துவிட்டு மூன்று நிபந்தனை போட்டார். யாருடைய பெயரையும் எழுதக் கூடாது, நோயாளிகளைத் தொடக் கூடாது, வழியை மறிக்கக் கூடாது. சரி என்று தலையாட்டினார்கள்.

மறுநாளிலிருந்து காலை ஏழு மணிக்கு ஒட்டடை ஒரு மூலையில் நிறுத்துகடிகாரத்தோடு நிற்பான், சிட்டு இன்னொரு மூலையில் அட்டைப் பலகையோடு. ஒருவர் வந்த நேரம், பதிவு ஜன்னலுக்குப் போன நேரம், ஜன்னலை விட்ட நேரம், நாற்காலியில் உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம். சாயங்காலம் வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே மூவரும் வந்து எண்களைக் கொட்டிக் கூட்டுவார்கள். ஊசியக்காவுக்கு அந்த நாட்களில் கால் தரையில் நிற்கவில்லை. ரொட்டிக் கடையில் நின்றால் முன்னால் எத்தனை பேர் என்று எண்ணினாள். பஸ் ஏறினால் டிக்கெட் கொடுக்க ஒருவருக்கு எத்தனை விநாடி என்று பார்த்தாள். ஒருநாள் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று மணி பார்த்ததில் வீட்டுக்காரர் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, தயவுசெய்து என்னை விட்டுவிடு, எனக்குக் கழுத்து கிழுத்து எதுவும் கிடையாது என்று உள்ளேயிருந்தே கும்பிட்டார்.

இரண்டாம் வாரம் முடிவில் ஒட்டடை தாளை மேசையில் வைத்தான். வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தான். ஒருவரிடம் ரத்தம் எடுக்க நாலு நிமிஷம் ஆகிறது. மூன்று நாற்காலி இருப்பதால் ஒரு மணி நேரத்தில் நாற்பத்தைந்து பேரைப் பார்க்கலாம். ஆனால் பார்ப்பது இருபத்தாறு பேரை. ஒவ்வொரு நாற்காலியும் மணிக்கு இருபத்தைந்து நிமிஷம் காலியாகக் கிடக்கிறது.

ஊசியக்கா சிரித்தாள். கடிகாரம் கெட்டுப்போயிருக்கும் என்றாள். காலையில் எழுந்ததிலிருந்து தண்ணீர் குடிக்க நேரமில்லாமல் ஓடுகிறவளிடம் போய் இருபத்தைந்து நிமிஷம் சும்மா இருக்கிறாய் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது. மறுநாள் அவள் தன் சட்டைப்பையில் ஒரு துண்டுச் சீட்டு வைத்துக்கொண்டு, எதிரே ஆள் இல்லாத ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஒரு கோடு போட்டாள். தட்டைத் துடைத்தது, குழாய்களை நிறவாரியாக அடுக்கியது, அடுக்கியதையே திரும்ப அடுக்கியது, பக்கத்து நாற்காலிக்காரியின் மாமியார் கதையைக் கேட்டது. எட்டு மணிக்குச் சீட்டை எண்ணினாள். இருபத்தேழு கோடு.

அவளுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு, சொன்னால் நம்பமாட்டீர்கள், சந்தோஷமாக இருந்தது. இரண்டு வருஷமாக முட்டி மோதிய சுவரில் கதவே இல்லை, கதவு வேறு பக்கம் இருக்கிறது என்று தெரிந்த மாதிரி. நாலாவது ஆள் வந்திருந்தால் நாலு பேரும் சேர்ந்து மாமியார் கதை கேட்டிருப்பார்கள்.

அப்படியானால் கழுத்து எது? எண்கள் நேராகப் பதிவு ஜன்னலைக் காட்டின. அங்கே ஒருவருக்கு நூற்று நாற்பது விநாடி. டாக்டர் சீட்டைப் படித்துத் தட்டச்சு செய்ய எழுபது. சாப்பிட்டீர்களா, சாப்பிடவில்லையா என்ற விசாரணைக்கு இருபத்தைந்து. மீதி நாற்பத்தைந்து விநாடி, குழாயில் ஒட்டுகிற பெயர்ச் சீட்டை எடுத்து வர. சீட்டு அச்சடிக்கிற சின்ன இயந்திரம் பின்னறையில் இருந்தது. ஜன்னலில் இருப்பவள் ஒவ்வொருவருக்கும் எழுந்து, பதினாலு எட்டு நடந்து, எடுத்து, பதினாலு எட்டு திரும்பி வர வேண்டும்.

ஊசியக்காவின் சந்தோஷம் அங்கேதான் பாதியில் நின்றது. ஏனென்றால் அந்த ஜன்னலில் உட்கார்ந்திருப்பவள் வேறு யாருமில்லை, அவளுடைய நாத்தனார். வீட்டுக்காரரின் ஒரே தங்கை. பதினாறு வருஷத்துக்கு முன்னால் அண்ணிக்கு இந்த வேலை இருப்பதைச் சொல்லி, கையைப் பிடித்துக் கூட்டிவந்து சேர்த்துவிட்டவளே அவள்தான்.

வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நீயே போய்ச் சொல்லிவிடு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட பிறகு சொல், வயிறு நிறைந்திருந்தால் அவளுக்குக் கோபம் பாதிதான் வரும் என்றார். ஊசியக்கா ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தாள். சிட்டு காத்திருக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு இவர்கள் உறவு தெரியாது. வெள்ளிக்கிழமை காலை ஜன்னலில் கூட்டம் குறைந்த நேரத்தில் போய், அக்கா நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம் என்று வாயெல்லாம் பல்லாக வரைபடத்தை நீட்டியிருக்கிறாள். அதில் ஜன்னல் படத்துக்குக் கீழே சிவப்பு மையில் கழுத்து என்று எழுதியிருந்தது.

மத்தியானம் கை கழுவுகிற இடத்தில் நாத்தனார் வந்து நின்றாள். குரல் உயரவே இல்லை.

"என்னைக் கழுத்துன்னு எழுதியிருக்கீங்களாம். எழுதினதோட விடாம, என் கழுத்தையே அறுத்துட்டீங்க அண்ணி."

ஊசியக்கா என்னென்னவோ சொல்ல வாயெடுத்தாள். நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரவில்லை. அண்ணனுக்கு மட்டும் போன் போட்டு உடம்பு சரியில்லை என்றாள். ஆய்வகத்தில் ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் பக்கத்து நாற்காலிக்காரியிடம் கேட்டாள். அவள்கூட அப்போது ஊசியக்காவோடு சரியாகப் பேசவில்லை. இருபத்தைந்து நிமிஷக் கணக்கு அவள் காதுக்கும் போயிருந்தது. மனு கிடப்பில் போய்விடும், நம்மைச் சோம்பேறி என்று நினைத்துக்கொள்வார்கள் என்று அவளுக்குப் பயம். ஊசியக்கா நடுநாற்காலியில் இரண்டு பக்கமும் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தாள். அதனாலேயே அந்த வாரம் அவள் குழாய் அடுக்குவது பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

திட்டப்பணியை விட்டுவிடலாமா என்றுகூட ஒரு பொழுது நினைத்தாள். ஆனால் காலையில் நடைகூடத்தைப் பார்த்தால் மனம் கேட்கவில்லை. நாற்பத்தைந்து விநாடி. வெறும் ஒரு மேசையும் ஒரு ஒயரும் மாறினால் போதும். டாக்டரம்மா ஒரு காலைக்கு மட்டும் செய்து பார்க்க ஒப்புக்கொண்டார். ஜன்னலில் இருப்பவளையும் கேட்டீர்களா என்றார். நாத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டபோது, மேலே சொன்னால் செய்கிறேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அடுத்த திங்கட்கிழமை இயந்திரம் ஜன்னல் பக்கத்துக்கு வந்தது. சிட்டு வரிசையிலேயே போய், சாப்பிட்டீர்களா, சீட்டு சரியாக இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு வந்தாள். ஏழு மணிக்குத் திறந்ததும் ஜன்னல் பறந்தது. உட்கார்ந்த இடத்திலேயே சீட்டைக் கிழித்து நாத்தனார் கொடுக்கக் கொடுக்க, மூன்று நாற்காலியும் நிரம்பி, நிரம்பினது காலியாகி, காலியானது நிரம்பி, ஊசியக்காவுக்கு இதயம் படபடவென்று அடித்தது. ஏழரைக்குள் இருபத்திரண்டு பேர். மூலையில் நின்ற ஒட்டடை கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

ஏழு முப்பத்தெட்டுக்கு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். ஊசியக்கா கையில் பட்டையைக் கட்டிக்கொண்டே வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள், பெயர் என்ன, பிறந்த வருஷம் என்ன என்று. பெயர் சீட்டில் இருந்ததுதான். வருஷம் பொருந்தவில்லை. முப்பது வருஷம் தள்ளியிருந்தது. பக்கத்து நாற்காலியில் அதே பெயரில் ஒரு கிழவி சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரின் சீட்டும் இடம் மாறியிருந்தது.

ஊசி இன்னும் உறையிலிருந்து வெளியே வரவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஊசியக்கா கட்டிய பட்டையை அவிழ்த்துவிட்டாள். ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயரில் போயிருந்தால் மாத்திரை மாறும், சிகிச்சை மாறும். அவளே எழுந்து போய் டாக்டரம்மாவிடம் சொன்னாள். டாக்டரம்மா இரண்டு சீட்டையும் வாங்கிப் பார்த்தார். இன்றைக்கு இதோடு போதும், இயந்திரத்தைப் பழைய இடத்தில் வையுங்கள் என்றார். எட்டு மணிக்கு நடைகூடம் பழையபடி நிரம்பிவிட்டது. சிட்டு அழாத குறை. மறைத்துவிடாமல் நீங்களே போய்ச் சொன்னீர்களே என்று ஒட்டடை மெதுவாகச் சொன்னான். அது அவளுக்குக் காதில் விழவே இல்லை.

பதினோரு மணிக்குத் தேநீர் அறையில் தனியாக உட்கார்ந்து, நேர அட்டவணையை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தாள். எது தவறியது என்று விளங்கவில்லை. கதவு திறந்தது. நாத்தனார். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். விரலால் ஒரு கட்டத்தைத் தொட்டாள். அதில் 'நடை – 45 விநாடி' என்று இருந்தது.

"நான் சும்மா நடந்தேன்னு யார் சொன்னது?"

ஊசியக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"போறப்போ வர்றவங்க முகத்த மனசுல வச்சுக்கிட்டுப் போவேன். வர்றப்போ டாக்டர் சீட்டையும் இந்தச் சீட்டையும் ஒண்ணா பிடிச்சு படிச்சுக்கிட்டே வருவேன். பேரு, வயசு, டெஸ்ட்டு. பதினாலு எட்டுல மூணு தடவ படிச்சிருவேன். இன்னிக்கு நீங்க என்னை நடக்க விடல. நானும் படிக்கல. கிழிச்சேன், கொடுத்தேன். இந்த ஜன்னலுக்கு வந்த பத்து வருஷத்துல இங்க இருந்து ஒரு சீட்டு மாறிப் போனதில்ல அண்ணி. இன்னிக்குப் போச்சு."

கடைசி வார்த்தையில் அவள் குரல் லேசாக உடைந்தது. அவள் கோபத்தில் வரவில்லை, தன் ஜன்னலில் தப்பு நடந்துவிட்டதே என்ற பதைப்பில் வந்திருக்கிறாள் என்று அப்போதுதான் ஊசியக்காவுக்குப் புரிந்தது. இரண்டு வாரம் இரண்டு பேர் நின்று அளந்தார்கள். அவள் எழுந்ததை எழுதினார்கள், உட்கார்ந்ததை எழுதினார்கள். நடுவில் என்ன செய்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேறு யாரோ என்றால்கூடச் சரி. இவள், சொந்த அண்ணி, பதினைந்தடி தூரத்தில் இருந்துகொண்டு கேட்கவில்லை.

தப்பு என்னுடையது என்று ஊசியக்கா சொன்னாள். சுற்றி வளைக்காமல் அவ்வளவுதான் சொன்னாள். நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சரி அது கிடக்கட்டும், பேனா இருக்கிறதா என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு அந்த மேசையில் நடந்ததைப் பார்த்திருந்தால் இவர்களா பத்து நாள் பேசாமல் இருந்தவர்கள் என்று தோன்றியிருக்கும். நடக்கத் தேவையில்லை, ஆனால் படிக்கிறது தேவை என்றாள் நாத்தனார். யார் படிப்பது? ஜன்னலில் நிற்கிறவரையே சொல்லச் சொல்லலாமே. இவள் கேட்பாள், அவர் தன் வாயால் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்வார், இவள் அச்சான சீட்டைப் பார்த்துச் சரி என்றால் அதை டாக்டர் சீட்டின் முதுகில் அங்கேயே ஒட்டிவிடுவாள். தனித்தனியாகக் கையில் கொடுத்தால்தானே மாறும். ஒட்டிவிட்டால் எப்படி மாறும்? எத்தனை விநாடி ஆகும் என்று ஊசியக்கா கேட்டாள். நாத்தனார் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். ஒருத்தி நோயாளி, ஒருத்தி ஜன்னல். எட்டு விநாடி. இடம் மாறி உட்கார்ந்து மறுபடி. ஏழு. காது கேட்காத கிழவர் மாதிரி ஊசியக்கா நடித்தபோது பன்னிரண்டு. டீ எடுக்க வந்த வார்டு நர்ஸ் இருவரையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கோப்பை இல்லாமலே திரும்பிப் போனாள். நாத்தனாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு.

டாக்டரம்மாவிடம் இந்தத் தடவை நாத்தனார்தான் பேசினாள். வியாழக்கிழமை, ஏழிலிருந்து எட்டு வரை, ஒரே ஒரு மணி நேரம், நானும் நிற்பேன் என்றார் டாக்டரம்மா.

வியாழக்கிழமை ஊசியக்கா ஆறு மணிக்கே வந்துவிட்டாள். பார்த்தால் நாத்தனார் அவளுக்கு முன்னால் வந்து இயந்திரத்தைத் தன் இடது கைப்பக்கம் வைத்து, ஒயரைக் கால் தடுக்காதபடி மேசைக்குக் கீழே கட்டிக்கொண்டிருந்தாள். வலப்பக்கம் வைத்தால் தட்டச்சு செய்கிற கை குறுக்கே போகும், போன தடவை உங்கள் ஒட்டடைப் பையன் வலது பக்கம் வைத்தான் என்று ஒரு குறையும் சொன்னாள்.

ஏழு மணி. முதல் ஆள். பெயர், பிறந்த தேதி, ஒட்டு, அடுத்தது. இரண்டாம் ஆள். நடைகூடத்தில் நாற்காலிகள் நிரம்பி, சுவரோரமும் நாலைந்து பேர் நின்றார்கள்; சிட்டு போன தடவை போலவே வரிசையில் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு வந்தாள். போன தடவை மாதிரி ஜன்னல் பறக்கவில்லை. ஆனால் நிற்கவும் இல்லை. ஒருவருக்கு எண்பது விநாடிதான் ஆனது. தண்ணீர்க் குழாய் சீராக விழுகிற மாதிரி ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டே இருந்தார்கள். ஊசியக்காவின் விரல்கள் தாமாகவே வேலை செய்தன. பட்டை, பஞ்சு, குத்து, குழாய், பிளாஸ்திரி, போய் வாருங்கள். நிமிர்ந்தால் அடுத்தவர் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவரிடமும் அவளும் பெயரையும் வருஷத்தையும் கேட்டாள். ஒவ்வொன்றும் சீட்டோடு பொருந்தியது. பக்கத்து நாற்காலிக்காரிக்கு மாமியார் கதையில் ஒரு வரிகூடச் சொல்ல நேரமில்லை. ஏழே முக்காலுக்கு அவள் தானாகவே ஊசியக்கா பக்கம் திரும்பி, நடைகூடத்தில் தரை தெரிகிறது பார் என்றாள். உண்மையாகவே தெரிந்தது. சுவரோரம் யாரும் நிற்கவில்லை. நாற்காலிகளில் பத்துப் பதினைந்து காலியாக இருந்தன.

எட்டு மணிக்கு டாக்டரம்மா ஜன்னல் பக்கம் போய் நின்றார். நிறுத்தச் சொல்லப்போகிறார் என்று நினைத்து நாத்தனார் கையை எடுத்தாள். டாக்டரம்மா, ஏன் நிறுத்துகிறாய், இன்னும் ஆட்கள் இருக்கிறார்களே என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். இயந்திரம் அன்றிலிருந்து அங்கேயே இருந்துவிட்டது. அன்றைக்கு அதிகமாகக் காத்திருந்தவர் காத்திருந்தது ஐம்பது நிமிஷம். ஒரு சீட்டும் மாறவில்லை. ஒட்டடை அந்த எண்ணைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு அச்சகத்துக்கு ஓடினான்.

ஆறாம் வாரம் வகுப்பில் அறிக்கை வாசிக்கிற நாள். ஊசியக்கா விருந்தாளியாக நாத்தனாரைக் கூட்டிவந்திருந்தாள். நாத்தனார் கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பேசச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். சிட்டு வரைபடங்களைக் காட்டினாள். ஒட்டடை எண்களைச் சொன்னான். ஊசியக்கா முதல் முயற்சி எப்படிக் கெட்டது என்பதை ஒளிக்காமல் சொன்னாள். 'நடை' என்று எழுதிய கட்டத்தைத் திரையில் பெரிதாக்கி, இதில்தான் நாங்கள் விழுந்தோம் என்றாள்.

மூடி சார் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, எட்டு விநாடி என்பது எந்த அளவில் வந்தது, கூட்டம் இரண்டு மடங்கானாலும் அதே எட்டுதானா என்று கேட்டார். மூவரும் தாளைப் புரட்டினார்கள். கடைசி வரிசையிலிருந்து பதில் வந்தது.

"கூட்டம் ரெண்டு மடங்கானா எட்டு ஆறாகாது சார், ஆகவும் விடமாட்டேன். அவசரத்துல குறைக்கக் கூடாத எட்டு அது. வேணும்னா இன்னொரு ஜன்னல் போடுங்க."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. மூடி சார் அவளை முன்னால் வரச் சொன்னார். வந்தவள் இருபது நிமிஷம் மேடையை விட்டு இறங்கவில்லை. காது கேட்காதவரிடம் எப்படிக் கேட்பது, ஒரே பெயர்க்காரர்கள் அடுத்தடுத்து வந்தால் என்ன செய்வது, டாக்டர் கையெழுத்தில் எந்த எழுத்து எதைப் போல இருக்கும் என்று அவள் சொல்லச் சொல்ல, நாற்பது பேரும் எழுதிக்கொண்டார்கள். மூடி சாரும் எழுதிக்கொண்டார். ஊசியக்கா ஓரமாக நின்று பார்த்தாள். இது தன்னுடைய அறிக்கை என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. தன் வீட்டுப் பெண் ஒருத்தி கரும்பலகைக்கு முன்னால் நின்று இப்படி வெளுத்து வாங்குவதைப் பார்க்க மேலெல்லாம் சிலிர்த்தது.

இருபத்தைந்துக்கு இருபத்திரண்டு மதிப்பெண். குறைத்த மூன்றுக்குக் காரணம் தாளின் ஓரத்தில் இருந்தது: நடந்தவரைக் கேட்காமல் நடையை எழுதியதற்கு. ஊசியக்காவுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. இன்னும் இரண்டு குறைத்திருந்தாலும் சரிதான் என்றாள்.

ஆய்வகத்துக்கு ஒரு ஆள் புதிதாக எடுக்க டாக்டரம்மா மேலே எழுதினார். நாலாவது ஊசிக்கு இல்லை, இரண்டாவது ஜன்னலுக்கு. மனுவில் முதல் கையெழுத்து நாத்தனார் போட்டாள், இரண்டாவது ஊசியக்கா. பக்கத்து நாற்காலிக்காரி மூன்றாவதாகப் போட்டாள், கொஞ்சம் முகத்தைச் சுளித்துக்கொண்டு.

நீயும் அடுத்த வருஷம் சேர்ந்துவிடேன் என்று ஊசியக்கா பஸ் நிறுத்தத்தில் கேட்டுப் பார்த்தாள். நாத்தனார் யோசிக்கவே இல்லை. அத்தனை புத்தகம் யார் படிப்பது, நீங்கள் படித்துவிட்டு வந்து என்னைக் கேளுங்கள், நான் சரியா தப்பா என்று சொல்கிறேன் என்றாள். வகுப்பில் தனக்குக் கைதட்டினது எத்தனை பேர் என்று மட்டும் இரண்டு தடவை விசாரித்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, வேலை முடிகிற நேரத்தில், எக்ஸ்ரே பிரிவின் பொறுப்பாளர் ஆய்வக வாசலில் வந்து நின்றார். தங்கள் பக்கத்திலும் கூட்டம் தாங்கவில்லை, யாரோ கடிகாரம் வைத்து அளக்கிறார்களாமே, ஒருநாள் வந்து பார்க்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ஊசியக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டே, அடுத்த பருவத்துக்கும் ஒரு திட்டப்பணி தேவை என்று கணக்குப் போட்டுவிட்டாள். முகம் முழுக்கச் சிரிப்போடு சரி என்று சொல்லப்போனாள். அதற்குள் ஜன்னலுக்குள்ளிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"வர்றோம் சார். ஆனா அளக்கிறதுக்கு முன்னாடி, உங்க ஆளுங்ககிட்ட நான் கொஞ்சம் பேசணும்."